தண்ணில மிதக்குமா சார்?

எங்கள் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால், இருமல் மருந்து அடுக்கியிருக்கும் தட்டுக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் நிற்கிறது. ஒற்றைப் பாய்மரக் கட்டர், 1:64 அளவு. சீட்டை நீட்டிவிட்டு மாத்திரைக்குக் காத்திருப்பவர்கள் "எங்க சார் வாங்கினீங்க?" என்பார்கள். நானே செய்தது என்றால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தண்ணில மிதக்குமா சார்?"

மிதக்காது. அடியில் எடை இல்லை, மேலே மரமும் கயிறும். விட்ட உடனே ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும், பிறகு பலகை ஊறிப் பசை விடும். இதைச் சொன்னதும் அவர்கள் முகம் விழுவதைப் பார்க்கணும். பதினாலு மாசம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தாயே, மிதக்கக்கூட மிதக்காதா என்கிற பார்வை அது.

இப்படி மரத்தில் மாதிரிக் கப்பல் கட்ட ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் நான் பட்டதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் காசும் நிறையப் பொறுமையும் மிஞ்சும்.

நான் முதலில் வாங்கியது இந்தக் கட்டர் இல்லை. புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி என்று ஒன்று உண்டு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான பிரெஞ்சுத் தளபதிதான் 1783 ஜூன் 20ஆம் தேதி நம் கடலூருக்கு எதிரே 15 போர்க்கப்பல்களோடு நின்று ஆங்கிலேயரின் 18 கப்பல்களோடு மோதியவர். ஐரோப்பாவில் அந்த வருஷம் ஜனவரியிலேயே சமாதானத்துக்கு முன்கையெழுத்து போட்டாகிவிட்டது. சேதி இங்கே வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கமும் சுட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஆட்கள்தான் செத்தார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டு இதை யோசித்தால் ஆசை வராமல் இருக்குமா? 74 பீரங்கி வைத்த இரண்டடுக்குப் போர்க்கப்பல் ஒன்றின் கிட்டை (நாமே கட்டிக்கொள்ள வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) வரவழைத்தேன். கிட் விலை, கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்ததில் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

பெட்டியைத் திறந்தால் ஆளுயர வரைபடத் தாள்கள், நூற்றுக்கணக்கில் மரப்பட்டிகள், பொட்டுக்கடலை அளவில் கப்பிகள். வழிகாட்டிப் புத்தகத்தில் முதல் பத்துப் பக்கம் பொறுமையாக விளக்கிவிட்டு, அதற்கப்புறம் 'படத்தில் உள்ளபடி பலகை ஒட்டவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குள்தான் ஆறு மாச வேலை இருக்கிறது. நாலு மாசத்தில் நான் அதை மூட்டை கட்டி பீரோ மேல் ஏற்றினேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: மூன்று பாய்மரம் உள்ள எதையும் தொடாதீர்கள். பெட்டி மேல் இருக்கிற படம் யாரோ இருபது வருஷம் கை பழகினவர் கட்டினது. ஒற்றைப் பாய்மரப் படகோ துடுப்புப் படகோ வாங்குங்கள். பலகை இரண்டடுக்காக ஒட்டுகிற கிட் என்றால் இன்னும் நல்லது. முதல் அடுக்கில் செய்த தப்பெல்லாம் இரண்டாவது அடுக்குக்கு அடியில் புதைந்துவிடும். கட்டர் என்பது 18ஆம் நூற்றாண்டில் வேகத்துக்குப் பேர்போன வகை. கள்ளக்கடத்தல்காரர்களும் வைத்திருந்தார்கள், அவர்களைத் துரத்திய சுங்கக்காரர்களும் வைத்திருந்தார்கள். சுங்க வரி கட்டி அதையே வாங்கினேன் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

கருவி விஷயத்தில் மருந்துக்கடைக்காரன் கொடுத்து வைத்தவன். 11ஆம் நம்பர் சர்ஜிகல் பிளேடு, அதற்கான கைப்பிடி, மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் இரண்டு (ஒன்று நேர், ஒன்று வளைவு), பசைக்கு 2 மி.லி. சிரிஞ்சும் நுனியை உரசி மழுக்கிய 18 நம்பர் ஊசியும். டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியில் உப்புத்தாளை ஒட்டினால் அதைவிட நல்ல தேய்ப்புக் கட்டை கிடையாது. துணி கிளிப், ரப்பர் பேண்டு, கையால் திருகும் சின்ன டிரில், ஒரு ஸ்டீல் ஸ்கேல், இவ்வளவு போதும். குட்டி லேத், குட்டி மேசை ரம்பம் எல்லாம் இருந்தால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், மரத்தூள் மூச்சுக்குள் போய்ச் சும்மா இருக்காது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பிளேடைத் தொடாதீர்கள். என் இடது ஆள்காட்டி விரலில் இதற்குச் சாட்சி இருக்கிறது.

பலகை வேலைக்கு வருகிறேன்.

கிட்டில் கப்பலின் எலும்புக்கூடு பிளைவுட்டில் வரும். நடுவில் நீளமாக ஒரு முதுகெலும்பு, அதில் குறுக்கே செருகும் சட்டங்கள். இங்கே துறைமுகத்து ஆட்கள் பேச்சில் அது ஏரா, இவை வங்கு. சட்டங்களின் விளிம்பை முன்னும் பின்னும் சாய்வாகத் தேய்த்தால்தான் பலகை அதன்மேல் படிந்து உட்காரும். ஒரு பட்டியை எடுத்து வளைத்து வைத்துப் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் முழு விளிம்பும் தொடுகிறதா, ஏதாவது ஒன்றில் நுனி மட்டும் தொட்டு நிற்கிறதா என்று பார்க்கணும். எனக்கு இது மூணு நாள் எடுத்தது. ஒரு வாரம் எடுத்திருக்கணும்.

பிறகு பலகை. 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம், வெளிர் நிறத்தில் லைம் (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்கிற மரம்) மரப்பட்டிகள். மேலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தேன். ஆறாவது பலகை வரை ராஜா மாதிரி இருந்தது. ஏழாவதில் மூக்குப் பக்கம் பலகை ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. எட்டாவது எம்பியது. கிளிப் போட்டு அமுக்கினால் ஒட்டுகிற மாதிரி பாவனை பண்ணும், காலையில் பார்த்தால் விடுபட்டு நிற்கும்.

கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) துறைமுகம் பக்கம், விசைப்படகு ஏற்றி வைத்து மரவேலை பார்க்கும் இடத்தில் ஒரு மேஸ்திரி எங்கள் கடை வாடிக்கையாளர். சர்க்கரை மாத்திரைக்கு மாசாமாசம் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாப் பலகையும் ஒரே அகலமா போட்டிருக்கீங்களா?"

"ஆமாண்ணே, கிட்ல அப்படித்தானே வந்துது."

சிரித்தார். "வீட்டுக்குப் போய் ஒரு வாழப்பழத்த உரிச்சுட்டு, அந்தத் தோலப் பாருங்க சார்."

அவ்வளவுதான். வேலையில் இருந்தவர், உளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் கிளம்பும்போது முதுகைக் காட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னார்: "ஏராவ ஒட்டி வர்ற அடிப்பலகைய முன்னால மேல ஏறவிடாதீங்க. அது ஏறுச்சுன்னா மத்தது எல்லாம் எங்க போகும்?"

பழத்தை உரித்துத் தோலை மேசையில் பரப்பினால் ஒவ்வொரு பட்டையும் நடுவில் அகலமாக இருந்து இரண்டு முனையிலும் குறுகுகிறது. கப்பலின் வயிறு பெரிது, மூக்கு சின்னது. வயிற்றைச் சுற்றிவர எத்தனை பலகையோ, மூக்கிலும் அத்தனை பலகைதான் போய்ச் சேரணும். அப்போ மூக்கில் ஒவ்வொன்றும் ஒல்லியாகத்தானே இருக்க முடியும்? இதைப் பார்க்காமல் ஆறு பலகை ஒட்டியிருந்தேன்.

கணக்கு இப்படி. கடையில் பில் அடிக்கும் ரோலில் இருந்து மெல்லிய காகித நாடா வெட்டி, ஒவ்வொரு சட்டத்தின்மேலும் மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை படியவைத்துக் குறித்தேன். நடுச் சட்டத்தில் 110 மி.மீ. வந்தது. 5 மி.மீ. பலகை என்றால் 22 பலகை. மூக்கை ஒட்டிய சட்டத்தில் 60 மி.மீ. அதை 22ஆல் வகுத்தால் 2.7 மி.மீ. சொச்சம். அதாவது ஒவ்வொரு பலகையும் நடுவில் 5, மூக்கில் 2.7. இடையில் உள்ள சட்டங்களுக்கும் இப்படியே அளந்து, பட்டியில் பென்சிலால் குறித்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து பிளேடால் சீவி, இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடித்து விளிம்பைத் தேய்க்கணும். இடது ஒன்று, வலது ஒன்று, ஜோடியாக ஒட்டிக்கொண்டே வரணும். ஒரே பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் எலும்புக்கூடு முறுக்கிக்கொள்ளும்.

பாதி அகலத்துக்குக் கீழே சீவாதீர்கள். 2.5 மி.மீ.க்கும் குறைவாக வந்தால் நுனி உடையும், ஆணியும் பிடிக்காது. அந்த இடத்தில் இரண்டு பலகையை ஒன்றாக்கி ஒரு பலகையைப் பாதியில் முடித்துவிடணும். பின்பக்கம் நேர்மாறு: அங்கே இடம் விரிந்து இடைவெளி விழும், ஆப்பு மாதிரி கூரான துண்டு செய்து செருகணும். இது ஏமாற்று வேலை இல்லை, நிஜக் கப்பலிலும் அப்படித்தான் செய்தார்கள்.

வளைப்பதற்கு வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்தேன். சூட்டுக்கு மகளின் முடி நேராக்கும் கருவி. அவள் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை, புதுசு வாங்கிக் கொடுத்தேன், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டி தட்டையான பக்கமாக மட்டும்தான் வளையும். விளிம்புப் பக்கமாக வளைக்கப் பார்த்தால் முறுக்கிக்கொள்ளும் அல்லது முறியும். ஊறின பலகையை உடனே ஒட்டக்கூடாது. இடத்தில் வைத்துக் கிளிப் போட்டுக் காயவிட்டு, காய்ந்தபிறகு எடுத்து ஒட்டணும். ஊறினபோது உப்பின பலகை காயும்போது சுருங்கி, இடையில் கோடு கோடாகப் பிளவு விடும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் ஒரு ராத்திரி பத்தாது, இரண்டு நாள் விடுங்கள்.

பசைக்கு ஃபெவிகால்தான். அவசரத்தில் கூடாது. இரண்டாவது அடுக்கு வால்நட் மெல்லிய பட்டி, அரை மி.மீ. கனம். அது கிளிப்புக்குப் பிடி கொடுக்காததால், நொடியில் ஒட்டும் பசையை எடுத்தேன். வேகம் தலைக்கேறி ஒரே ராத்திரியில் பதினொரு பலகை. பசை வழிந்த இடங்களைக் கவனிக்கவில்லை. வார்னிஷ் அடித்ததும் அந்த இடமெல்லாம் தேமல் மாதிரி வெளுத்து நின்றது, பசை ஊறின மரம் வார்னிஷைக் குடிக்காது. முடிந்த மட்டும் சுரண்டினேன். இடப்பக்கம் மூக்கருகே ஒன்று இன்னும் இருக்கிறது. கடையில் கப்பல் வலப்பக்கத்தைக் காட்டி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

உடம்பு முடிந்தால் பாதி முடிந்த மாதிரி என்று நினைத்தேன். கயிறு வேலை அப்படியே மீதி இருந்தது.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற தடித்த கயிறுகளுக்கு ஷ்ரௌட் என்று பெயர். அவற்றின் குறுக்கே, மாலுமி ஏறுவதற்குப் படி மாதிரி மெல்லிய கயிறு கட்டுவார்கள், அது ராட்லைன். நிஜத்தில் படிக்கும் படிக்கும் ஓர் அடிக்குச் சற்று மேல். 1:64இல் 5 மி.மீ. சொச்சம். என் கட்டரில் ஒரு பக்கம் நாலு ஷ்ரௌட், நாற்பது படி. 160 முடிச்சு. இரண்டு பக்கமும் 320. ஒவ்வொன்றும் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் நுழைத்து இழுக்கும் முடிச்சு.

அம்மா எதிரே உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை பூவை எடுத்து வைக்க, ஒரு கை நூலை விரலில் திருப்பி மாட்ட, கண் டிவியில். நான் அரைமணி நேரத்தில் ஆறு முடிச்சு போட்டதைப் பார்த்து, "என்னாடா இது, பூ கட்ற முடிச்சு, இதுக்கு இவ்ளோ நேரமா?" என்றது. குடு என்று நூலை வாங்கி விரலில் ஒரு வளையம் திருப்பிப் போட்டது, அதன்மேல் இன்னொரு வளையம். பென்சிலில் மாட்டி இழுத்தால் அச்சு அசல் அதே முடிச்சு! எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

ஆனால் கப்பலில் அது பலிக்கவில்லை. பூக்காம்புக்கு ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வளையத்தை மேலிருந்து மாட்டலாம். ஷ்ரௌட்டுக்கு மேலும் கீழும் கட்டியாகிவிட்டது, மாட்ட முனை கிடையாது. ஊசியில் கோத்துப் பின்னால் போய் முன்னால் வந்துதான் ஆகணும். அம்மா கொஞ்ச நேரம் முயற்சி பண்ணிவிட்டு, "போடா, கட்டின மாலைல திரும்ப எவனாவது பூ வெப்பானா" என்று எழுந்துவிட்டது. போகிறபோக்கில் என் ஷ்ரௌட்டைத் தொட்டுப் பார்த்து, "ஏன் இப்படி நெரிக்கற? காம்பு அறுந்துடும். நிக்கற அளவுக்கு இழுத்தா போதும்."

எட்டிப் பார்த்தேன். முதல் பன்னிரண்டு படியில் நாலு கயிறும் நடுவில் உள்வாங்கி உடுக்கை மாதிரி இடுப்பு விழுந்திருந்தது. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்கியதில் வெளிக்கயிறுகள் உள்ளே வந்துவிட்டன. பன்னிரண்டு படியையும் வெட்டி எடுத்தேன். அதற்கப்புறம் கோடு போட்ட அட்டையைப் பின்னால் நிறுத்தி, நடுக் கயிறுகளில் முதலில் கட்டி, ஓரக் கயிற்றில் கடைசியாக, முடிச்சு நழுவாத அளவுக்கு மட்டும் இழுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனேன். ஒரு நாளைக்கு பத்துப் படிக்கு மேல் கட்டவில்லை. நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டால் பஞ்சு நிற்காது. அசையாத கயிறு கருப்பு அல்லது கரும்பழுப்பு (தார் பூசினது), அசையும் கயிறு வெளிர் நிறம், இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பெட்டியில் வைக்கும் விஷயம் சின்னதுதான், ஆனால் கடலோரத்தில் அதை விடமுடியாது. உப்புக்காற்று பித்தளைப் பீரங்கியைப் பச்சையாக்கும், தூசி கயிற்றில் உட்கார்ந்தால் துடைக்க வழியில்லை. அதனால் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். ஆனால் காற்றுப் புகாமல் அடைத்துவிடாதீர்கள். புது மரமும் பசையும் விடுகிற புளிப்பு ஆவி உள்ளேயே தங்கினால் ஈயத்தில் வார்த்த பாகங்கள் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். அடிப்பக்கம் நாலு மூலையில் சின்ன துளை போட்டு வலை ஒட்டினேன். கப்பல் நிற்கிற தாங்கி பலா மரம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த மரத்தில் அறுத்த ஒரு பலகை, என் மச்சான் வீட்டில் கிடந்தது. அந்த மஞ்சள் நிறத்துக்கு வார்னிஷ் ஒரு கோட் போதும்.

ஒரு குறை இருக்கிறது. இந்தக் கரையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் பெரிய கப்பல்கள் ஆழக்கடலிலேயே நிற்க, அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தது மசூலா படகு. ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தது, அலை தூக்கி அடித்தாலும் நெளிந்து கொடுக்கும். அதற்கு ஒரு கிட் என் கண்ணில் படவில்லை. தைத்துப் பார்க்கணும் என்று இருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பீரோ மேல் ஏறின 74க்கு வருகிறேன். அதைக் கைவிட்டதற்குக் காரணம் பலகை இல்லை, அதற்கு முந்தின கட்டம். பெட்டி வந்தது நவம்பரில். சிமெண்டுத் தரையில் மூணு வாரம் கிடந்தது. பிறகு நான் பாட்டுக்கு எடுத்துச் சட்டங்களை ஒட்டினேன். மேலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோதுதான் ஏரா வில் மாதிரி வளைந்திருப்பது தெரிந்தது. நடுவில் கிட்டத்தட்ட 4 மி.மீ. ஒட்டினபிறகு அதை நிமிர்த்த முடியாது என்று அப்போது நினைத்தேன்.

கிட் வந்ததும் முதல் வேலையாக ஏராவை எடுத்து நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால், குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் லேசாக நனைத்து, இரண்டு சமமான பரப்புக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றி, நாலைந்து நாள் விடணும். ஒட்டுவதற்கு முன்னால் என்றால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

போன மாசம் 74ஐ இறக்கினேன். ஃபெவிகால்தானே என்று வெந்நீர்த் துணி சுற்றி ஒவ்வொரு மூட்டாக இளக்கி, பதினேழு சட்டத்தையும் கழற்றினேன். இரண்டு உடைந்தது, பிளைவுட்டில் வேறு வெட்டிக்கொள்ளலாம். ஏரா இப்போது சமையலறை மேடைக்கு வாங்கினதில் மிஞ்சிய இரண்டு கிரானைட் துண்டுக்கு நடுவில் இருக்கிறது, மேலே இரண்டு அரிசி மூட்டை. என் மனைவி தினமும் காலையில் கேட்கிறாள், "ஏங்க, அரிசிய எடுத்துக்கலாமா?"

வியாழக்கிழமை வரைக்கும் கேட்டிருக்கிறேன்.